கிளாரினெட்டுக்கு வந்த சாமி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பொறாமை இல்லாத மனிதன் கிடையாது. ஆனால் மற்றவர்கள் எல்லாம் வேலைவெட்டிக்கு நடுவில், கிடைத்த நேரத்தில் பொறாமைப்படுகிறவர்கள். சங்கிலிமுத்து ஒருவர்தான் அதை முழுநேரத் தொழிலாக, பக்தி சிரத்தையோடு செய்துவந்தார்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனுடைய சிலேட்டு பெரியது. கல்யாணத்தன்று அடுத்த தெருப் பந்தலில் மைக்செட் சத்தம் கூடுதல். பட்டாசு கம்பெனியில் அவருக்குச் சரம் பின்னுகிற வேலை. சின்னச் சின்ன வெடிகளின் திரியைச் சேர்த்து ஜடை போடுகிற மாதிரி பின்னிக்கொண்டே போகவேண்டும். அதில் அவர் விரலுக்கு ஈடு கிடையாது. ஆனால் கண் என்னவோ புஸ்வாணம் அடைக்கிறவர்கள்மீதே இருக்கும். அவர்கள் வேலை முடிந்து வெளியே வரும்போது அலுமினியப் பவுடர் படிந்து உடம்பெல்லாம் வெள்ளிச் சிலை மாதிரி மின்னும். “நம்மளும் இதே கம்பெனியிலதான் கெடக்கோம். மேல ஒரு மினுமினுப்பு உண்டா?” என்று அதற்கும் ஒரு பெருமூச்சு. அரசாங்கம் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி கலர் டிவி கொடுத்தபோது, இதில் இந்த மனுசன் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று மனைவி அய்யம்மாள் நிம்மதியாக இருந்தாள். பெட்டி பிரித்த வாரமே, பக்கத்து வீட்டு டிவியில் பச்சை கூடுதல் பச்சையாகத் தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். ஆயுள் பொறாமை ஒன்று உண்டு. அது வேலுச்சாமியின்மீது.

சங்கிலிமுத்து கம்பெனி நேரம் போக மிச்ச நேரத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், தலையில் தொப்பி. கல்யாணம், காதுகுத்து, தேர்தலில் ஜெயித்தவர் வீடு என்று எந்த வாசலிலும் நின்று புதுப்படப் பாட்டை வாசிப்பார். சினிமாப் பாட்டில் வயலின் வந்தாலும், புல்லாங்குழல் வந்தாலும், பெண் குரல் வந்தாலும் அவ்வளவையும் கிளாரினெட்டுக்கு மாற்றி இறக்கிவிடுவது அவருடைய திறமை. “எந்த வாத்தியத்துல பொறந்திருந்தாலும் சரி, ஏங்கிட்ட வந்தா கிளாரினெட்டுதான்” என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யும் இல்லை.

வேலுச்சாமி, நையாண்டி மேளத்தில் நாயனம். சங்கிலிமுத்துவின் பெரியப்பா மகள் சொர்ணலட்சுமியைக் கட்டியவர். ஆகவே மச்சான் முறை. சொந்தத்தில் பொறாமைப்பட்டால் ஒரு வசதி, விசேஷத்துக்கு விசேஷம் நேரில் போய்ப் பார்த்துப் பட்டுக்கொள்ளலாம். வேலுச்சாமிக்குப் புதுப்பாட்டு ஒன்றும் தெரியாது. பக்கப்பல் ஒன்று இல்லாததால் ஊதும்போது வாயோரம் காற்றுக் கசிந்து ‘உஸ்’ என்று கேட்கும். ரிஷபம் எப்போதும் ஒரு நூல் இறங்கியே இருக்கும். நல்ல இடத்தில் பட்டென்று நிறுத்தி, சீவாளியை எடுத்து நாக்கில் நனைத்து, மறுபடி செருகி, ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் மேலே போவார். இத்தனை குறையும் இருந்தும், கருப்பசாமி வருஷாவருஷம் அந்த நாயனத்துக்குத்தான் இறங்கினார்.

ஊர் வழக்கம் அப்படி. சித்திரைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அன்று சாயங்காலம் சாமியை அழைப்பார்கள். சாமியாடி செல்லப்பாண்டி குளித்துவிட்டு ஈரவேட்டியோடு கோயில் முன்னால் நிற்பார். நாயனத்தில் அழைப்பு மெட்டு கிளம்பும். சாமி செல்லப்பாண்டிமேல் இறங்கி உத்தரவு கொடுத்தால்தான் திருவிழா. உத்தரவு இல்லையென்றால் பொங்கல் இல்லை, கிடா இல்லை, கம்பெனி லீவும் இல்லை. அழைப்பு மெட்டு கிளம்பும்வரை பாட்டாகப் பொழிந்துகொண்டிருக்கும் பேண்டு செட்டைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு கை உயரும்.

“ஏலே பேண்டு! நிப்பாட்டு! சாமி வரணும்ல?”

ஊதிக்கொண்டிருக்கிறவனை நிறுத்தச் சொன்னால் மிச்ச மூச்சை என்ன செய்வது? சங்கிலிமுத்து அதை மூக்கு வழியாக விட்டபடி, வேலுச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிதானமாக முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாமி இறங்கியதும் முதல் எலுமிச்சை மாலை நாயனத்துக்கு. பேண்டு செட்டுக்கு டீ.

வாழ்க்கையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சாமி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கிளாரினெட்டுக்கு இறங்கவேண்டும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் சித்திரையில் அதற்கு வழி பிறந்தது. வேலுச்சாமிக்கு முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டு, சிவகாசியில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. துண்டால் தாடையைச் சேர்த்துத் தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். சீவாளி என்ன, பீடியைக்கூட உதட்டில் நிறுத்த முடியவில்லை.

சங்கிலிமுத்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். அவ்வளவு சந்தோஷமான துக்கமுகத்தை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

திருவிழாக் கமிட்டி கூடியது. தலைவர், கம்பெனி முதலாளி ரத்தினசாமி. சித்திரை மாசம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எந்த மேளமும் சும்மா இல்லை.

“அதெதுக்குப்பா மேளம்? போன வருசம் வீடியோ எடுத்தோம்ல, அந்த சி.டி.யப் போட்டு மைக்செட்டுல விடுங்க. சாமி வந்துட்டுப் போகுது” என்றார் ரத்தினசாமி.

செல்லப்பாண்டி எழுந்தார். “மொதலாளி, கரண்டு போச்சுன்னா? சாமி பாதி எறங்குன நெலமையில எம்மேல தொங்கிக்கிட்டு நிக்கவா?”

கூட்டம் இதை ஆழமாக யோசித்தது. ஆபத்துதான் என்று ஒப்புக்கொண்டது. அந்த அமைதியில் சங்கிலிமுத்து எழுந்தார்.

“அந்த மெட்ட நான் கிளாரினெட்டுக்கு மாத்தி ஊதுதேன்.”

“பேண்டுக்குச் சாமி வருமாலே?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“சாமிக்கு மெட்டுதான கணக்கு? கொழாய் எதுவா இருந்தா என்ன?”

பொதுத்தண்ணிக் குழாய் சம்பந்தப்பட்ட கூட்டமும் அன்றைக்கே இருந்ததால் ரத்தினசாமி சரி என்று முடித்துவைத்தார்.

ஒரு வாத்தியத்தின் மெட்டை இன்னொரு வாத்தியத்துக்கு மாற்றுவது, ஒரு வீட்டுப் பெண்ணை இன்னொரு வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. ஆள் அதே ஆள்தான். புழக்கம் எல்லாம் மாறிவிடும். சங்கிலிமுத்து வறண்ட கண்மாய்க்குள் சீமைக்கருவை மறைவில் உட்கார்ந்து பாடுபட்டார். நாயனத்தில் துளையைப் பாதி மூடி, பாதி திறந்து சுரத்தை வழுக்கிக்கொண்டு போகலாம். கிளாரினெட்டில் சாவி குறுக்கே வந்து தட்டும். நாயனத்தில் மேல் ஸ்தாயிக்குப் போக மூச்சைக் கூட்டினால் போதும், விரல் மாறாது. கிளாரினெட்டில் அதே விரலோடு மேலே போனால், ஷட்ஜமத்தை எதிர்பார்த்த இடத்தில் பஞ்சமம் வந்து ‘என்ன விசயம்?’ என்று நிற்கும். எல்லா விரலையும் மாற்றிப் போட்டு, சாவியைத் தட்டாமல் தடவி, ஒருவழியாக மெட்டை இறக்கிவிட்டார்.

இறக்கியதோடு விட்டாரா? திருத்தமும் செய்தார். ‘உஸ்’ஸை எடுத்தார். ரிஷபத்தை நிமிர்த்திவைத்தார். பாதியில் நிறுத்துகிற இடத்தை அழகான ஒரு சங்கதி போட்டு அடைத்தார். மச்சானை விட ஒரு படி மேலே நின்று சாமியைக் கூப்பிடவேண்டும் என்பது அவர் கொள்கை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் இரண்டு நிமிர்ந்து பார்த்தன. அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமை, கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்ட பிறகு ஊர் கோயில் முன்னால் கூடியது. செல்லப்பாண்டி ஈரவேட்டியோடு நின்றார். வேலுச்சாமி தாடைக்கட்டோடு வேப்பமரத்தடியில் நின்றார். பேண்டு செட் வாசித்துக்கொண்டிருந்தது. வழக்கப்படி ஒரு கை உயர்ந்தது.

“ஏலே பேண்டு! நிப்...” என்று ஆரம்பித்து, “அட, இன்னைக்கு அவம்தான, ஊதுலே, ஊது” என்று இறங்கியது.

சங்கிலிமுத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து ஊதினார். பிசிறு இல்லை. ரிஷபம் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது. வேலுச்சாமியின் மேளத்து உறுமிக்காரர்கூடத் தலையை ஆட்டினார். பெண்கள் “கல்யாண வீடு மாதிரி இருக்குல்ல?” என்று பேசிக்கொண்டார்கள்.

சாமி மட்டும் வரவில்லை.

செல்லப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். ஒரு கொட்டாவி வந்தது. அதைச் சாமியின் அறிகுறி என்று நினைத்து இரண்டு பேர் குலவை போட்டார்கள். இரண்டாவது கொட்டாவியில் நிறுத்திக்கொண்டார்கள். ஈரவேட்டி காய்ந்துபோயிற்று.

“வரலப்பா” என்றார் செல்லப்பாண்டி. “கேக்க நல்லாத்தான் இருக்கு. தூக்கம்தான் வருது.”

வேலுச்சாமி தாடைக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து மைத்துனனின் தோளில் கைவைத்தார். பல் இல்லாமல் சொல் பாதி காற்றாக வந்தது. “அருமையா ஊதுனே மாப்ளே. சாமிக்குத்தான் ரசன பத்தல.”

அரிவாளால் வெட்டியிருந்தால்கூட அன்றைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பது, அதற்கும் உத்தரவு கிடைக்காவிட்டால் இந்த வருஷம் பொங்கல் இல்லை என்று கமிட்டி முடிவுசெய்தது. அதாவது ஊர் முழுக்கக் கிடாக்கறி இல்லாமல் போனதற்கு ஆயுசுக்கும் ஒரு பெயர் சொல்லப்படும்; அந்தப் பெயர் சங்கிலிமுத்து.

வீட்டில் அய்யம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். “அந்த நடுவுல நிக்குறத எங்கன போட்டீக?”

“எத?”

“எங்க வேலுச்சாமி அண்ணே நடுவுல நிப்பாட்டி நாக்குல நனச்சுட்டு, செருமிட்டு ஊதுவாகள்ல? அந்த எடத்துலதான எனக்கே மேலு புல்லரிக்கும். நீங்க என்னமோ கொணகொணன்னு ரொப்பிட்டீக.”

“அது தப்புடி. தப்பத் திருத்தியிருக்கேன்.”

“சாமி என்ன பரிச்சைப் பேப்பரா திருத்துது? அது பொறந்ததுல இருந்து அந்தத் தப்பத்தான கேட்டு வளந்துருக்கு.” ரசம் சொட்டுகிற கரண்டியை ஆட்டினாள். “பக்கப்பல்லு வழியா ‘உஸ்’ஸுன்னு ஒண்ணு வரும். அதும் இல்ல. ரெண்டாவதா வாற சத்தம் கொஞ்சம் அழுவாச்சியா எறங்கி நிக்கும். அதும் இல்ல. பெறகு எப்பிடி வரும்? சாமி, யாரோ தெரியாத ஆளு கூப்புடுதான்னு உள்ளயே இருந்துருச்சு.”

சங்கிலிமுத்துவுக்கு ரசம் இறங்கவில்லை. சுரத்தை மாற்றியாயிற்று, விரலை மாற்றியாயிற்று. இப்போது வேலுச்சாமியின் ஓட்டைப்பல்லையும் செருமலையும்கூட மாற்றி எடுத்துக்கொள்ளவேண்டும் என்றால்? மச்சானை ஜெயிக்க மச்சானாகவே ஆகவேண்டும் என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? ஆனால் மறுபக்கத்தில் ஊருடைய கிடாக்கறி இருந்தது.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கண்மாயில் போய் உட்கார்ந்தார். உதட்டோரத்தைத் தளர்த்தி ‘உஸ்’ஸைக் கசியவிட்டார். கிளாரினெட்டில் ரிஷபத்தை இறக்குவது லேசில்லை. தாடையைத் தொங்கவிட்டு, ரீடைக் கடிக்காமல் ஊதினால்தான் அந்த ஒரு நூல் இறங்கும். இத்தனை வருஷம் எதைச் செய்யக்கூடாது என்று பழகினாரோ அதையெல்லாம் ஒரே பகலில் கற்றார். நடுவில் நிறுத்தினார். ஊதுவாயைக் கழற்றி நக்கினார். செருமினார். அந்தச் செருமல் சரியாக வருவதற்குத்தான் வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் மறுபடி ஊர் கூடியது. செல்லப்பாண்டி நம்பிக்கை இல்லாமல், ஆனால் கடமைக்காகக் குளித்துவிட்டு வந்து நின்றார். சங்கிலிமுத்து ஊதினார். உஸ். இறங்கின ரிஷபம். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. “எய்யா, வேலுச்சாமியேல்ல ஊதுதாரு!” என்றது ஒரு குரல். சங்கிலிமுத்துவுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த எரிச்சலோடு நடுவில் நிறுத்தினார், நனைத்தார், செருமினார்.

வேப்பமரத்தடியில் “ஏ...ய்!” என்று ஒரு சத்தம்.

சாமி இறங்கிவிட்டது. செல்லப்பாண்டிமேல் இல்லை. வேலுச்சாமிமேல்.

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எதிர்பார்த்திருக்கவேண்டும். இத்தனை வருஷமாக அந்த மெட்டைத் தானே ஊதிக்கொண்டிருந்த மனிதர், அதை ஒருநாளும் சும்மா நின்று கேட்டதில்லை. சீவாளியை வாயில் வைத்திருக்கிறவன்மேல் எந்தச் சாமி இறங்கும்? வாழ்க்கையில் முதன்முதலாகக் கையும் வாயும் காலியாக நின்று தன் நாயனத்தைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தாடைக்கட்டு தெறித்து விழ, நான்கு பேர் பிடித்தும் நிற்காமல் துள்ளினார்.

சங்கிலிமுத்து ஊதுவதை நிறுத்திவிட்டு உறுமிக்காரரிடம் கத்தினார். “நடிப்புய்யா! எலுமிச்சம்பழத்தக் குடுத்துப் பாருங்க!”

அது நியாயமான சோதனைதான். பல் பிடுங்கி ரணம் ஆறாத வாயில் எலுமிச்சம்பழத்தை எவன் வைப்பான்? கொடுத்தார்கள். வேலுச்சாமி வாங்கி, தோலோடு, விதையோடு, அந்த ரணத்தோடே மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரத்தினசாமி செருப்பைக் கழற்றினார்.

“பொங்கல் வைங்கலே!” என்றது சாமி. குலவை வானத்தைப் பிளந்தது. “இனி நான் இவம்மேலதான் வருவேன்! அந்தக் கருப்புக் கொழல்தான் என்னையக் கூப்புடணும்!”

அதன்பிறகு வழக்கப்படி சாமியை அழைத்தவர் முதலில் விழுந்து திருநீறு வாங்கவேண்டும். அழைத்தவர் சங்கிலிமுத்து. மஞ்சள் குஞ்சம் மண்ணில் புரள, மச்சானின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எலுமிச்சை மாலை கிளாரினெட்டுக்கு விழுந்தது. அதைப் போட்டதும் வேலுச்சாமியின் கைதான்.

இப்படியாக, ஒரு மனிதன் கேட்ட வரம் எழுத்துக்கு எழுத்து பலித்தது. சாமி கிளாரினெட்டுக்கு இறங்கியது. ‘ஏலே பேண்டு நிப்பாட்டு’ என்று சொல்ல இனி ஆள் இல்லை. ஆனாலும் சங்கிலிமுத்து இளைத்துப்போனார்.

தை பிறக்குமுன் ரத்தினசாமி கம்பெனி ஆட்களுக்கெல்லாம் தினசரி காலண்டர் கொடுத்தார். அட்டையில் அருள் வந்த வேலுச்சாமி, கையில் அரிவாளும் நெற்றி நிறையத் திருநீறுமாக. சிவகாசி அச்சு என்றால் சும்மாவா, பல் இல்லாத இடம்கூடத் தெய்வீகமாக மின்னியது. ஓரத்தில் கிளாரினெட்டின் வாய் மட்டும், ஒரு கறுப்பு ஊமத்தம்பூ மாதிரி, தெரிந்தது. அதன் பின்னால் இருந்தவரை அட்டை அளவுக்காக வெட்டிவிட்டார்கள். அய்யம்மாள் அதை டிவிக்கு மேலே மாட்டினாள். தினம் காலையில் தேதி கிழிக்கும்போது மச்சானுக்குக் கும்பிடு போடாமல் கிழிக்க முடியாது. அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அடுத்த சித்திரைக்குள் வேலுச்சாமி பல் கட்டிவிட்டார். “பழையபடி நீங்களே நாயனம் ஊதுங்க மச்சான்” என்று சங்கிலிமுத்து வீடு தேடிப்போய்க் கேட்டார்.

“சாமி வாக்கு மாப்ளே, நான் எப்பிடி மீறுவேன்?” என்றார் வேலுச்சாமி. பரண்மேல் நாயனத்தின் உறை தூசியோடு கிடந்தது. சாமியாக நிற்கிற சுகத்தைப் பார்த்தவன் எவன் திரும்பி வந்து சீவாளியை நக்குவான்?

சங்கிலிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். மெட்டைக் கெடுத்துவிடுவது. சுருதி சேராமல், தாளத்தில் நிற்காமல், கண்ட இடத்தில் நிறுத்தி, காது புளிக்க ஊதுவது. சாமி வேலுச்சாமியை விட்டு ஓடட்டும். ஊர் என்ன சொன்னாலும் சரி. தப்பாக ஊத ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா?

காப்பு நாளன்று அப்படியே ஊதினார். ரிஷபத்தை ஒரு நூல் அல்ல, ஒரு முழம் இறக்கினார். நிறுத்தவேண்டிய இடத்துக்கு முன்பே நிறுத்தினார். ஆத்திரத்தில் நிஜமாகவே புரையேறி இருமினார்.

இருமல் முடியவில்லை, வேலுச்சாமி துள்ளிவிட்டார். போன வருஷம் மெட்டின் பாதி வரை காத்திருந்த சாமி இந்த வருஷம் அதற்கு முன்பே வந்து நின்றது.

சங்கிலிமுத்து விழுந்தார். தலைக்கு மேலே சாமி, திருநீற்றைக் கைகொள்ளாமல் அள்ளியபடி உறுமியது. “இந்த வருசந்தான்லே சரியா ஊதியிருக்கே!”

நெற்றி, கண், கோட்டு எல்லாம் சாம்பலாக எழுந்து ஒதுங்கி நின்றார். பக்கத்தில் செல்லப்பாண்டி. ஈரவேட்டி இல்லை, அரிவாள் இல்லை. வந்தவர்களுக்குப் பானகம் ஊற்றுகிற வேலை கொடுத்திருந்தார்கள். கையில் சொம்போடு, சங்கிலிமுத்துவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடுத்துவச்சவன்லே நீ” என்றார் மெதுவாக. “ஒன்னையச் சாமி பேரு சொல்லாத கொறையாப் பாராட்டுது. எம்மேலயே குடியிருந்துச்சு, இப்ப ஏம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. கொழலு ஒங்கையிலல்ல இருக்கு...”

அந்தக் குரலைச் சங்கிலிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். சொந்தத் தொண்டையில் இத்தனை வருஷமாகக் கேட்டுவந்த குரல். ஆனால் இன்னொருவன் தொண்டையிலிருந்து, தன்னைப் பார்த்து அது வருவதை அவர் அதுவரை கேட்டதில்லை. கண்ணில் விழுந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டு, கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கி, செல்லப்பாண்டியின் அருகில் நெருங்கி நின்றார்.

“என்ன சொன்னே? மேளச் சத்தத்துல சரியாக் கேக்கல. இன்னொருக்கச் சொல்லு.”